ஏழு பின்களை எழுதிவைக்க மாட்டீர்களா?

சின்னாளப்பட்டியில் தறியை விட்டு ஓய்ந்த முதியவர்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவுசெய்யும் வேலையை நண்பர்கள் சிலராகச் செய்துவருகிறோம். அதற்கென்று கடன்பட்டு ஒரு வால்வு மைக் வாங்கினோம். ஒருநாள் அதன் ஏழு பின் கேபிள் அறுந்தது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் (ஊரும் பேரும் வேண்டாம்) மூன்று வாரம் கழித்துத் தந்தார்கள். அந்தக் கேபிளில் பதிவான முதல் ஒப்பாரி முழுவதும் மின்னிரைச்சலுக்கு அடியில் புதைந்துபோயிற்று. பாடிய பாட்டி இன்று இல்லை. எந்தக் கம்பி எந்தப் பின்னில் என்று ஒரு தாளில் எழுதித் தரக் கேட்டபோது, "அது தொழில் ரகசியம் சார்" என்றார்கள்.

இந்த 'ரகசியம்' என்ற சொல்லோடுதான் எங்கள் சண்டை.

சாதாரண மைக்குக்கு மூன்று பின் போதும். ஒன்றாவது உறைக்கம்பி, இரண்டும் மூன்றும் ஒலி. உலகெங்கும் இதுவே வழக்கம். வால்வு மைக்குக்கு அப்படியொரு பொதுவிதி கிடையாது. வால்வின் இழையைச் சூடேற்ற ஒரு மின்சாரம், ஆனோடுக்கு உயரழுத்தம், ஒலிக்கு ஒரு சோடி, தரை, சிலவற்றில் திசையை மாற்றும் அழுத்தம் என்று எல்லாம் ஒரே கேபிளுக்குள் ஓடுகின்றன. ஒரே நாய்மன் நிறுவனத்தின் 1949ஆம் ஆண்டு யூ47 சுமார் 105 வோல்ட்டிலிருந்தே இழைக்கும் எடுத்துக்கொள்கிறது. 1960இல் வந்த யூ67இலோ இழைக்குத் தனியே 6.3 வோல்ட், ஆனோடுக்கு 200க்கு மேல். ஊகித்துப் பற்றவைத்தால் மைக் சாகும். பற்றவைப்பவரும் தப்புவது நிச்சயமில்லை.

ஊகத்துக்கு இடமே இல்லாத கணக்கு இது. யூ67இன் இஎஃப்86 வால்வின் இழை 200 மில்லிஆம்பியர் கேட்கிறது. 0.08 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 10 மீட்டர் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 0.9 வோல்ட் வழியிலேயே தொலையும். அதனால்தான் இழைக்குத் தடித்த கம்பி, அல்லது இரண்டு கம்பிகளைச் சேர்த்துக் கொடுப்பது. ஒலிச் சோடியை முறுக்கித் தனி உறைக்குள் வைப்பதும் காரணத்தோடுதான். எங்கள் கேபிளைப் பிரித்துப் பார்த்தபோது அந்த உறையையே இழை மின்சாரம் திரும்பும் வழியாக்கியிருந்தார்கள். பாட்டியின் குரலை விழுங்கிய இரைச்சல் அங்கிருந்து வந்தது. இன்னொன்றும் உண்டு: பின் எண்களை ஈயம் பற்றவைக்கும் பக்கத்திலிருந்து பார்ப்பதும் செருகும் பக்கத்திலிருந்து பார்ப்பதும் கண்ணாடிப் பிம்பம்போல இடம்வலம் மாறும். படம் வரைகிறவர்கள்கூட எந்தப் பக்கம் என்று எழுத மறந்துவிடுகிறார்கள்.

கைப்பழக்கம் தாளில் வராது என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். ஈயம் எப்போது உருகிப் படிகிறது என்பதைக் கைதான் அறியும். ஆனால் மூன்றாவது பின்னில் என்ன இருக்கிறது என்பது கைப்பழக்கம் அல்ல, தகவல். எங்கள் ஊரில் பழைய பாவின் நுனியோடு புதிய பாவை இழைக்கு இழை முடிபவர்களிடம் எந்த இழை எதனோடு என்று கேட்டால் உட்காரவைத்துக் காட்டுவார்கள். ரகசியம் என்று யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

இலக்கிய வாசகருக்கு இது எதற்கு என்று முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய வானொலிக் குரலின் 'கதகதப்பு' பற்றிப் பத்தி பத்தியாக உருகுகிறோம். அந்தக் கதகதப்பு 6.3 வோல்ட்டில் எரிகிறது என்று தமிழில் எழுத ஆளில்லை. கோவையிலிருந்து ஜி.ஆர். தாமோதரன் 'கலைக்கதிர்' நடத்திய மொழி இது. வாய்மொழி மரபு அழிகிறது என்று கருத்தரங்கில் புலம்பும் நேரத்தில் பாதியையாவது அதைப் பிடித்துவைக்கும் கருவிக்கு ஒதுக்கலாம்.

எங்கள் மைக்கின் படத்தை வரைந்து, எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்றும் குறித்து, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். யாரும் வந்து பிரதி எடுத்துக்கொள்ளலாம். கீழே சிவப்பு மையில் ஒரு வரி: மின்சாரத்தை அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் அழுத்தம் மிச்சமிருக்கும், மீட்டரில் பார்க்காமல் கேபிளைக் கழற்றாதீர்கள்.