மனவலிமை மட்டும் போதுமா?

பெரிய கன்சல்டிங் கம்பெனியில் பெண்ணுக்கு முதல் வேலை கிடைத்துவிட்டால் எங்கள் தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் தெருவுக்கே ஸ்வீட்தான். "எவ்வளவு சம்பளம்?" என்று எல்லாரும் கேட்கிறோம். "எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுவாங்க?" என்று கேட்பவர்தான் இல்லை.

கொச்சியைச் சேர்ந்த அன்னா செபாஸ்டியனுக்கு வயது 26. சி.ஏ. முடித்து, 2024 மார்ச்சில் புனேயில் இ.ஒய். நிறுவனக் குழுமத்தில் முதல் வேலைக்குச் சேர்ந்தார். ஜூலையில் இறந்து போனார். அவருடைய அம்மா கம்பெனித் தலைவருக்கு எழுதிய கடிதம் அந்த செப்டம்பரில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. நெஞ்சு இறுக்கமாக இருக்கிறதென்று மகளை டாக்டரிடம் கூட்டிப் போனபோது, தூக்கம் போதவில்லை, ரொம்ப லேட்டாகச் சாப்பிடுகிறார் என்றாராம் டாக்டர். வேலையை விட்டுவிடு என்று வீட்டில் சொல்லியும், கற்றுக்கொள்ளும் ஆசையில் அந்தப் பெண் கேட்கவில்லையாம். வேலைப்பளுதான் காரணம் என்பதைக் கம்பெனி ஏற்கவில்லை.

அப்போது சென்னையில் ஒரு கல்லூரி விழாவில் பேசிய மத்திய நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்கும் மனவலிமையைப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித்தர வேண்டும் என்றார். சொல்லித்தரலாம், தப்பில்லை. ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் லேப்டாப்பை மூட முடியாத பெண்ணுக்குத் தேவை மனவலிமையா, தூக்கமா?

தி.நகர் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே கால் வீங்கிப்போன பெண்களிடம் "மனசைத் திடப்படுத்திக்கோ" என்று சொல்லி விட்டுவிடவில்லையே! உட்கார இருக்கை போடணும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். அதே 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில்தான் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் செய்தால் இரட்டைச் சம்பளம் என்றும் இருக்கிறது. ஜவுளிக்கடைப் பெண்ணுக்குப் பேசிய சட்டம், ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் பேச வேண்டாமா? நாற்காலி இருக்கிறது என்பதற்காக விடிய விடிய உட்கார வைக்கலாமா?

இதை அரசு கவனிக்கட்டும். நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்யலாம். "முதல் வேலை, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்வதை நிறுத்துவோம். வேலையை விட்டு வந்தால் "நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்று முகம் சுளிக்காமல் இருப்போம். வேலை போனால் இன்னொன்று கிடைக்கும். பிள்ளை கிடைப்பாளா?

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் தோழிகளே?

- ஒரு வாசகி, சேலையூர்.