சீஸ் ஸ்லைஸ்: பிளாஸ்டிக்கும் இல்லை, சத்து மாத்திரையும் இல்லை

1/ "சீஸ் ஸ்லைஸ் பிளாஸ்டிக்"னு ஃபார்வர்டு பண்றவங்க முதல்ல நிறுத்துங்க. "கால்சியம் இருக்கு, பிள்ளைக்கு தினமும் கொடுங்க"ன்னு விற்கிறவங்களும்தான்.

2/ இயற்கை சீஸை அரைத்து, தண்ணீரும் சிட்ரேட் அல்லது பாஸ்பேட் உப்பும் சேர்த்து உருக்கினால் புராசஸ்டு சீஸ். அந்த உப்பு இல்லேன்னா சூட்டில் கொழுப்பு தனியா பிரிஞ்சிடும்.

3/ ஸ்லைஸ், கட்டி, ஸ்பிரெட் எல்லாமே இந்த வகைதான். ஸ்பிரெட்டில் ஈரம் அதிகம். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் போட்டால் அது 'அனலாக்', சீஸே இல்லை.

4/ சிக்கல் சோடியம். லேபிளில் 100 கிராமுக்கு 1,400 மி.கி. என்றால், 20 கிராம் ஸ்லைஸில் 280. இரண்டு வைத்தால் 560. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே நாள் முழுக்க 2,000-க்குள் என்கிறது. குழந்தைக்கு இன்னும் குறைவு.

5/ கிட்னி பிரச்சினை உள்ளவங்க 339, 450, 452 எண்களைப் பாருங்க. பாஸ்பேட். பருப்பில் இருப்பதைவிட இது சுலபமா ரத்தத்தில் சேரும்.

6/ எப்போதாவது சாப்பிடுங்க, தப்பில்லை. தினசரி கால்சியத்துக்குத் தயிரும் கேழ்வரகும் போதும். டிபன் பாக்ஸில் வைக்கும் முன் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருமுறை படிச்சிடுங்க.