இருபதுக்கு என்ன புனிதம்?

பீளமேட்டு பி.காம். பசங்க சார்ட்டைத் திறந்ததும் திட்டவிலக்கத்துக்கு 20 நாள் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறார்கள். ஏன் 20? மென்பொருள் அப்படித்தான் தருகிறது, அவ்வளவுதான்!

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் நிஃப்டி 5.93 சதவீதம் சரிந்தது. தினசரி ஏற்ற இறக்கத்துக்கு 20 நாள் கணக்குப் போட்டால், அன்றையும் சேர்த்து எண்ணி 21-வது வர்த்தக நாளில் அந்தச் சரிவு கணக்கைவிட்டுப் போய்விடும். சந்தை சும்மா இருந்தாலும் திட்டவிலக்கம் சட்டென்று இறங்கும். "ரிஸ்க் குறைஞ்சிருச்சுங்க" என்று நம்பினால் காசு போச்சு.

நாள் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே கணக்கிடுவது சிரமமேயில்லை. வர்க்கங்களின் சராசரியில் சராசரியின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் போதும்.

ஆனால் எத்தனை நாள் என்பதை முன்கூட்டியே ஒரு விதி சொல்லட்டும். விடையைப் பார்த்துவிட்டு நாளை மாற்றுவது காப்பியடிப்பதுதானே?