துப்பறிவோன் சிந்தையும் தொலைக்காட்சி நாடகமும்

ஒருவன் சிந்திப்பதைப் பிறர் கண்ணுக்குப் புலப்படுத்தல் இயலுமோ? ஷெர்லாக் ஹோம்ஸின் கதைகளை நாடகமாக்கப் புகுந்தோர் யாவரும் இவ்வினாவை எதிர்ப்பட்டனர். 1887-இல் முதற்கதையை வெளியிட்ட ஆர்தர் கோனன் டாயில் ஹோம்ஸின் உள்ளத்துட் புகுந்திலர். வாட்ஸன் என்னும் மருத்துவரை அருகிருத்தி, அவர் கண்டவற்றையே உரைப்பித்தார். 1891-இல் எழுதிய ஒரு கதையில், ஹோம்ஸ் இரவு முழுதும் மெத்தைகளின்மேலமர்ந்து புகைபிடிக்கின்றார். வாட்ஸன் துயிலுணரும்பொழுது அறையெங்கும் புகை, விடையும் அகப்பட்டுவிட்டது. இடையில் நிகழ்ந்ததை நாம் அறியோம். அங்ஙனம் அறியாமையே அக்கதைக்குச் சுவை தருவது.

1984 முதல் 1994 வரை கிரானடா நிறுவனத்தார் ஒளிபரப்பிய நாடகங்களில் ஜெரமி பிரெட் இம்மரபையே தழுவி நடித்தார். திடீரென அசைவற்று நிற்றலும், மின்னி மறையும் முறுவலுமே அவர்தம் கருவிகள்.

பி.பி.சி. 2010-இல் தொடங்கிய ‘ஷெர்லாக்’ நாடகமோ வேறு நெறி கண்டது. பெனடிக்ட் கம்பர்பேட்ச் ஒரு பெண்ணின் பிணத்தை ஆராயுங்கால், திரையிற் சொற்கள் மிதக்கின்றன. மோதிரத்தின் உட்புறம் தூயது, வெளிப்புறம் அழுக்கு. ஆதலின் அவள் அதை அடிக்கடி கழற்றுபவள். காட்சி அழகிதே, மறுப்பாரிலர். ஆயினும் எமக்கொரு குறை தோன்றுகின்றது. புகை கண்டு நெருப்புண்மை உணர்தலைக் கருதலளவை என்பர் நம் அளவை நூலார். திரையில் எழுத்தாய்த் தோன்றியபின் அது நமக்குக் காண்டலாகிவிடுகின்றது. நாம் கருதுவதில்லை, படிக்கின்றோம். மேலும், வாட்ஸன் காணாததை நாம் காண்பதால் அவரது வியப்பு நமக்கு அயலாகின்றது.

அந்நாடகத்திலேயே எமக்கு மிக உவப்பான பகுதி பிறிதொன்று. வாட்ஸனின் கைப்பேசியை நோக்கி, அதனை அளித்த ஹாரி அவர்தம் தமையன் என ஹோம்ஸ் துணிகின்றார். ஹாரியோ உடன்பிறந்தாள்! பிழைபடக்கூடியதே கருதல் என்பதை மிதக்கும் சொற்கள் மறைக்க, இச்சிறு நிகழ்ச்சி வெளிப்படுத்துகின்றது.

அந்நாடகத்தார் பின்னர்ப் பெரிதும் கையாண்ட ‘மன மாளிகை’யைப் பற்றியும் ஒரு சொல். பொருள்களை இடங்களோடு பிணைத்து நினைவிருத்தும் இம்முறையைக் கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் கண்டதாகக் கூறுவர். அது நினைவிற்குரிய கலையேயன்றி ஆராய்ச்சிக்குரியதன்று. டாயிலின் ஹோம்ஸ் தம் மூளையை மாளிகையோடு ஒப்பிட்டிலர். சிறு பரணோடு ஒப்பிட்டார். பரணில் இடம் சிறிது, வேண்டாதவற்றை ஏற்றலாகாது. மாளிகைக்கோ அறைகள் எத்துணையும் உள. எனினும் 2014-இல், குண்டடிபட்ட ஹோம்ஸ் எப்பக்கம் வீழ்ந்தால் உயிர் எஞ்சுமென அம்மாளிகையினுள் தேரும் காட்சியை யாம் குறைகூறோம். அங்கு முடிபு மட்டுமன்றி ஐயமும் அச்சமும் காட்டப்படுகின்றன.

டாயிலும் 1926-இல் வெளிவந்த இரு கதைகளை ஹோம்ஸின் வாய்மொழியாகவே அமைத்துப் பார்த்தார். அவற்றுளொன்றில் ஹோம்ஸ், வாட்ஸன் உடனில்லாக் குறையைத் தாமே எடுத்துரைக்கின்றார்.