பியானோ கிளாஸ்: முதல் ஆறு மாதத்தில் என்ன எதிர்பார்க்கலாம்?

சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019-ல் அமெரிக்காவின் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ போட்டியில் 10 லட்சம் டாலர் வென்றபோது அவருக்கு வயது 13. நிமிடத்துக்கு 325 பீட் வேகத்தில் அவர் விரல்கள் பறந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, ‘நம்ம பிள்ளையையும் சேர்த்துவிடலாமா?’ என்று யோசித்த வீடுகள் ஏராளம். அவருடைய அப்பா வர்ஷன் சதீஷ் ஓர் இசையமைப்பாளர். லிடியன் பியானோவுக்கு வரும் முன்பே, சின்னஞ்சிறு வயதில் டிரம்ஸ் வாசித்தவர். பிறகு ஏ.ஆர்.ரஹ்மானின் கே.எம் இசைக்கல்லூரியில் படித்தவர். வாரத்துக்கு அரை மணி நேர வகுப்புக்குப் போகும் குழந்தையை அவரோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை.

சரி, சாதாரணக் குழந்தைக்கு என்ன நடக்கும்?

முதல் மாதத்தில் பாட்டு வராது. கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5 என விரல்களுக்கு எண் சொல்லித் தருவார்கள். நிமிர்ந்து உட்கார்வது, கையைத் தட்டித் தாளம் எண்ணுவது, கறுப்புக் கட்டைகளை வைத்து ‘மிடில் சி’யைக் கண்டுபிடிப்பது... இவ்வளவுதான். ‘ஃபீஸ் கட்டி கை தட்டவா சொல்லித் தர்றாங்க?’ என்று கோபம் வரலாம். ஆனால் இதைத் தாண்டிக் குதித்து முதல் வாரத்திலேயே சினிமா பாட்டு சொல்லித் தரும் வகுப்பைப் பார்த்துதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரண்டு, மூன்றாம் மாதங்களில் ஒற்றைக் கையில் குட்டிக் குட்டி மெட்டுகள் வரும். சிக்கல் அதற்குப் பிறகுதான். இரண்டு கையையும் சேர்த்து வாசிக்கச் சொல்லும்போது, இடது கை வலது கையின் பின்னாலேயே ஓடும். நேற்று வந்தது இன்று வராது. குழந்தை அழும், ‘வேண்டாம்’ என்று அடம்பிடிக்கும். பல குழந்தைகள் கிளாஸை விடுவது இந்த இடத்தில்தான். ‘ஏலே, இன்னும் அதே டிங் டிங்தானா?’ என்று வீட்டில் யாராவது கேலி செய்துவிட்டால் போதும், கதை முடிந்தது. இந்த நேரத்தில் தினமும் 15 நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே பெரிய உதவி. அதற்கு அம்மா, அப்பாவுக்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலை போன்ற கடற்கரை ஊர்களில் கேள்வியே கொஞ்சம் வேறு. இங்கே பியானோ என்றால் பெரும்பாலும் கீபோர்டுதான். அது நல்லதும்கூட. உப்புக்காற்றில் நிஜப் பியானோவின் கம்பிகள் துருப்பிடிக்கும், சுருதி சேர்க்க ஆள் தேடி அலைய வேண்டும். 88 கட்டை தேவையில்லை. தொடக்கத்துக்கு 61 கட்டை போதும். ஆனால் மெதுவாக அழுத்தினால் மெல்லிய சத்தமும், பலமாக அழுத்தினால் பெரிய சத்தமும் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பொம்மைக் கீபோர்டில் அந்த வித்தியாசம் தெரியாது. கடல் வருமானம் மாதா மாதம் ஒரே மாதிரி வருவதில்லை. அதனால் புதிது வாங்கும் முன், ஆறு மாதத்துக்கு யாரிடமாவது பழையது கிடைக்குமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கு முதல் மேடை பெரும்பாலும் ஆலயப் பாடகர் குழுதான். திருப்பலியில் பாடுகிறவர் எந்தச் சுருதியில் எடுக்கிறாரோ, அதற்குச் சட்டென்று கார்ட் பிடிக்க வேண்டும். அது காதால் வரும் வித்தை. ஆனால் டிரினிட்டி கிரேடு தேர்வு கேட்பது நோட்ஸ் பார்த்து வாசிப்பதை. இரண்டும் வேறு வேறு பாதை. உங்கள் குழந்தைக்கு எது வேண்டும் என்று ஆசிரியரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால், ‘இரண்டு வருஷம் படிச்சும் கோயில்ல ஒரு பாட்டு வாசிக்கத் தெரியல’ என்ற வருத்தம் மிஞ்சும். இன்னொன்று, டிரான்ஸ்போஸ் பட்டன். ஒரே ஸ்கேலை மட்டும் பழகிவிட்டு மற்றதற்கெல்லாம் பட்டனை அமுக்கும் பழக்கம் வந்துவிட்டால், பிறகு மாற்றுவது கஷ்டம்.

கிரேடு தேர்வுக்கு அவசரமே வேண்டாம். இனிஷியல் தொடங்கி 8-வது கிரேடு வரை இருக்கிறது. முதல் கிரேடுக்கே ஒன்று, இரண்டு வருடம் ஆவது சகஜம். பியானோவுக்கும் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கும் டிரினிட்டியில் தனித்தனிப் பாடத்திட்டம் உண்டு. எதற்குத் தயார் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்பியும் தேர்வு எழுதலாம் என்பதால், இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூன் மாதம் சேர்ந்த குழந்தை, தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் முன்னால் ஒரு கரோல் பாட்டை வலது கையில் மெட்டும் இடது கையில் இரண்டு மூன்று கார்டுமாக வாசித்துவிடும். நடுவில் இரண்டு இடத்தில் நிற்கும், திரும்ப ஆரம்பிக்கும். ஆறு மாதத்துக்கு அது நல்ல வளர்ச்சிதான்.