தூர்வாரும் முன் அளந்து பாருங்கள்

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. அவற்றைத் தூர்வாரும்போது எத்தனை லாரி மண் போனது என்ற கணக்கு மட்டும் போதாது. வேலைக்கு முன்னும் பின்னும் தரைமட்டம் தெரிந்தால்தான் கொள்ளளவு உண்மையில் கூடியதா என்று சொல்ல முடியும். டிரோனில் பொருத்தும் லைடார் என்ற லேசர் கருவி இதற்குத்தான் வேண்டும். நொடிக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு அது உயரத்தைக் கணக்கிடுகிறது. சீமைக்கருவேலம் மண்டிய கண்மாயைக் கேமராவில் எடுத்தால் பச்சைப் போர்வைதான் தெரியும். லேசரில் ஒரு பகுதி இலை இடுக்கில் நுழைந்து மண்ணைத் தொட்டுத் திரும்பும். முதலில் திரும்புவது மர உச்சி, கடைசியாகத் திரும்புவது தரை. மரத்தின் உயரமும் அதனடியில் மேடிட்ட வண்டலின் மட்டமும் ஒரே பறத்தலில் கிடைத்துவிடுகின்றன.

செலவு அதிகம் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஊருக்கொரு கருவி தேவையில்லை; மாவட்டத்துக்கு ஒன்று போதும். மரமில்லாத வெட்டவெளிக்குக் கேமராவே போதுமானது. லைடாரில் பெரும்பாலும் பயன்படும் அகச்சிவப்பு லேசர் தண்ணீருக்குள் செல்லாது என்பதும் சரியே. ஆகவே கண்மாய் வறண்டு கிடக்கும் கோடையில் பறக்கவிட வேண்டும். எந்த மடை கசியும், எந்த வரத்துக்கால் அடைபடும் என்பதை நீர்பாய்ச்சியிடம்தான் கேட்க வேண்டும், லேசர் அதைச் சொல்லாது. அடுத்த தூர்வாரலுக்கு முன் அரசு இந்த அளவீட்டைக் கட்டாயமாக்கி, முன்பின் மட்டங்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும்.