ஒலி முந்தட்டும்!

விஜயதசமியன்று உரும்பிராயில் ஒரு குழந்தைக்கு ஏடு தொடக்குகின்றனர். பிஞ்சு விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கின்றனர். எழுதும்போதே அவ்வொலியைச் சொல்லுவிக்கின்றனர். கண்ணும் கையும் செவியும் நாவும் அங்கே ஒன்றுகூடுகின்றன. மறுநாளே இவ்வுறவை ஏன் அறுக்கின்றோம்?

‘ஆனா, இம்மன்னா, மாவன்னா’ என்று எழுத்துகளின் பெயர்களை எத்தனை முறை ஒப்புவித்தாலும் ‘அம்மா’ பிறப்பதில்லை. அ, ம், மா என ஒலிகளைக் கூட்டினாலோ தாயே வந்து நிற்கின்றாள்! பெயர் வேண்டாமென்பதன்று நம் வாதம். ஒலி முந்தட்டும் என்கின்றோம். 12 உயிரையும் 18 மெய்யையும் ஒலித்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு 216 உயிர்மெய்யும் அறிந்த ஒலிகளின் சேர்க்கையே.

இது மேனாட்டாரிடம் கடன்வாங்கிய புதுமையா? 26 எழுத்துகளில் ஏறத்தாழ 44 ஒலிகளை அடக்கும் ஆங்கிலத்தை, ஒலிகூட்டி வாசிக்கப் பிள்ளைகள் கற்றனரா என இங்கிலாந்து 2012 முதல் சோதித்து வருகின்றது. எந்த எழுத்து எவ்விடத்துப் பிறக்கும் என்பதற்குத் தொல்காப்பியமோ ‘பிறப்பியல்’ என ஓர் இயலையே வகுத்துள்ளது. வழி நம்முடையது, அதில் நடப்பதற்குத்தான் நாம் தயங்குகின்றோம்.

காற்று, காட்டு என்னும் சொற்களை யாழ்ப்பாணத்து நா இன்றும் பிரித்தொலிக்கின்றது. அது நம் பெருமை. ஆனால் ழகரத்தை ளகரமாக்கி விட்டோம். ‘வாளை’ என்று கேட்ட பிள்ளை ‘வாளை’ என்றுதானே எழுதும்? தோட்டத்து வாழை கடல்மீனாகி விடுகின்றது! பிழை பிள்ளையுடையதன்று, சொல்லிக்கொடுத்த நம் நாவினுடையது. அதற்குப் பிள்ளையின் கொப்பியில் சிவப்புக் கோடிடுவது நீதியாகுமா?

1956 இல் காலிமுகத்திடலில் தமிழர் அடிபட்டது இம்மொழிக்காக. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. சட்டத்தில் ஏறிய தமிழ் பிள்ளையின் நாவில் ஏறவேண்டாமா? முன்பள்ளி ஆசிரியைகளுக்கு முறையான ஒலிப்புப் பயிற்சி அளிக்கப்படுக! சொல்வதெழுதுதல் தண்டனையாகாமல், கேட்டு, ஒலித்து, எழுதும் விளையாட்டாகுக!

உ, ரு, ம், பி, ரா, ய் என்று தன் ஊரின் பெயரைத் தானே ஒலித்துத் தானே எழுதும் குழந்தையிடமே நம் மொழியுரிமை தொடங்குகின்றது.